விழாப் பந்தியில் கத்தரிக்காய்



கிறிஸ்து பிறப்பு விழாவன்று ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் பல இல்லங்களில் பிரியாணி மணக்கும். அதனோடு வழக்கமாகப் பரிமாறப்படுவன இரண்டு: வெங்காயத் தயிர்ப் பச்சடி, புளியிட்ட கத்தரிக்காய்த் தொக்கு. பின்னதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். புலால் உண்ணாத அயலாரையும் நாம் அழைக்கிறோம். அழைத்துவிட்டு, வெறுஞ்சோறும் அப்பளமும் இட்டு அனுப்புவது விருந்தாகாது.

இதற்கு வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயே ஏற்றது. அணைக்கட்டு வட்டாரத்தில் விளையும் அக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் உண்டென்று அஞ்சி அதனை ஒதுக்குவோர் சுவையறியாதவர் என்பேன்.

காம்போடு நான்காகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்க வதக்குங்கள். வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் அரைத்த விழுதைப் புளிக்கரைசலில் கலந்து, மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரியக் கொதித்ததும் காயை இடுங்கள். பிரியாணியின் கொழுப்புக்கு ஈடுகொடுப்பது இந்தப் புளிப்பே.

சுவை கூடுமென்று, இறைச்சி வெந்த அண்டாவின் எண்ணெயை ஒரு கரண்டி இதில் ஊற்றுவோரும் உண்டு. நம்பி உண்ணும் விருந்தினருக்கு அது துரோகம். தனிப் பாத்திரமும் தனி அகப்பையும் வையுங்கள். அவர்கள் இலைக்கே முதலில் பரிமாறுங்கள்.