புள்ளியை ரூபாயில் சொல்லுங்கள்

மாதத்தின் முதல் பத்து நாட்களில் மீஞ்சூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு ஷிப்டு போகிறவர்கள், கன்டெய்னர் யார்டு காவலாளிகள் என்று சம்பளம் கைக்கு வந்த எல்லோரும் மாத மளிகையை வாங்கி முடிப்பது அந்த நாட்களில்தான். அப்படி ஒரு மாலையில் பில் போடும் இடத்தில் நம் கண்ணெதிரே நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

யூனிஃபார்ம் சேலையோடு வேலையிலிருந்து நேரே வந்திருந்தார் ஓர் அம்மா. பில் ரூ.1,940. “இன்னும் அறுபது ரூபாய்க்கு ஏதாவது எடுத்துட்டீங்கன்னா சர்க்கரை ஒரு கிலோ ஒன்பது ரூபாய்க்கு வரும்கா” என்றாள் கவுன்டரில் இருந்த பெண். அந்த அம்மா திரும்பிப் போய் 85 ரூபாய்க்கு ஒரு பிஸ்கட் டப்பா எடுத்து வந்தார். “என் பாயிண்ட்டுல கழிச்சுக்கம்மா” என்றார். “முந்நூத்தி நாப்பது இருக்குக்கா, ஐநூறு சேர்ந்தாதான் கழிக்க முடியும்.” “போன தடவை இதைவிட ஜாஸ்தி காட்டுச்சே?” “பழசு எக்ஸ்பயரி ஆயிருக்கும்கா.” அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. பில்லின் அடியில் ‘பாயிண்ட்: 340’ என்று மட்டும் இருந்தது. அது எத்தனை ரூபாய், எந்தத் தேதி வரை செல்லும், பழைய பாயிண்ட் எத்தனை கழிந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த 340 அவருடைய பணம். அதைப் பில்லில் ரூபாயாக அச்சிட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

கடைக்காரர்கள் இதைக் கேட்டால், பாயிண்ட் என்பது நாங்கள் பிரியப்பட்டுக் கொடுப்பது, கொடுக்காமலும் இருக்கலாம் என்பார்கள். பெரிய கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 2018 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ள ‘இண்ட் ஏ.எஸ். 115’ என்னும் கணக்கியல் தரநிலைப்படி, வாடிக்கையாளருக்குப் பாயிண்ட் கொடுக்கும் கம்பெனி அவர் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை உடனே வருமானமாக எழுதிக்கொள்ள முடியாது. இன்னும் தீர்க்காத பொறுப்பு என்று அதைத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும். அவர் பாயிண்ட்டைப் பயன்படுத்தும்போதோ, அது காலாவதியாகும்போதோதான் வருமானத்தில் சேரும். இத்தனை பேர் கேட்காமலே விட்டுவிடுவார்கள் என்று கணித்து, அந்தத் தொகையைச் சிறுகச் சிறுக வருமானத்தில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆக, கம்பெனியின் ஆடிட்டருக்கு அது ரூபாய். பொருள் வாங்கியவருக்கு மட்டும் அது புள்ளியா? உள்ளூர்ச் சிறு சூப்பர் மார்க்கெட்டுகளை இந்தத் தரநிலை கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ரூபாயாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயத்தின் அளவே புரியும். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு ஐம்பது காசு என்று வைத்துக்கொள்வோம். மாதம் நாலாயிரத்துக்கு மளிகை வாங்கும் வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய், வருடத்துக்கு 240 ரூபாய். அதே கடையில் துவரம் பருப்பு பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு ஏழு ரூபாய் கூட என்றால், மூன்று கிலோவில் அந்த மாதத்துப் பாயிண்ட் முழுக்கப் போய்விட்டது. ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ ரூ.30, பாமாயில் லிட்டர் ரூ.25, சர்க்கரை கிலோ ரூ.25. “ஸ்டாக் இல்லை” என்ற பதிலைக் கேட்டு ஒரு மாதம் பருப்பையும் பாமாயிலையும் விட்டுவிடும் குடும்பத்துக்கு அந்த ஒரே மாதத்தில் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட அரை வருடப் பாயிண்ட்டே போதாது. அந்த பிஸ்கட் டப்பா கணக்கும் இப்படித்தான். வெளியில் நாற்பத்தைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் சர்க்கரையை ஒன்பதுக்கு வாங்கியதில் மிச்சம் 36 ரூபாய். பட்டியலில் இல்லாத டப்பாவுக்குக் கொடுத்தது 85. அதற்குப் பதில் எப்படியும் வாங்க வேண்டிய குளியல் சோப்பை எடுத்திருந்தால் அந்தச் சலுகை உண்மையிலேயே லாபம். சலுகையே ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் சூப்பர் மார்க்கெட் உறுப்பினர் அட்டை விலைகளை ஆராய்ந்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய 50,000 பொருட்களைப் பார்த்ததில், 92 சதவீதத்தில் வழக்கமான விலையைவிட உண்மையாகவே குறைவு என்று கண்டது. அப்படியிருந்தும் வேறு கடைகளிலும் விலை கேட்டு வாங்குங்கள் என்றே மக்களுக்குச் சொன்னது.

வாங்குகிறவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்கும் வழக்கம் நம் ஊர் அண்ணாச்சி கடைகளிலும் இருந்தது, இன்னும் இருக்கிறது. காய்க்கு மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் விழும். அந்தக் கொசுறுக்கு போன் நம்பர் கேட்டதில்லை, ஐநூறு சேரட்டும் என்று நிறுத்தி வைத்ததில்லை. கண்ணெதிரே கொடுத்து முடிந்துவிடும். இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளிகள் 1844-இல் கூட்டுறவுக் கடை தொடங்கியபோது, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் லாபத்தைப் பணமாகவே பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வழியைப் பார்த்துத்தான் 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொடர்ந்து வாங்குகிறவருக்குக் கடை கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. அந்தக் கடனைக் கண்ணுக்குத் தெரியாத எண்ணாக்கி, ஒரு தேதியில் சத்தமில்லாமல் அழித்துவிடுவதுதான் புதிது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சொன்னபடி தராமல் விடும் நோக்கத்தோடு பரிசும் சலுகையும் அறிவிப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. விலையிலேயே அடங்கிவிட்ட ஒன்றை இலவசம் என்று தோன்றச் செய்வதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஐம்பது காசு வீதம் அந்த 340 பாயிண்ட்டுக்கு வரும் 170 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மீஞ்சூரிலிருந்து திருவள்ளூருக்கு யார் போவார்கள்? போக மாட்டார்கள் என்பது கடைக்கும் தெரியும். ஒருவருக்கு நூறும் இருநூறுமாகப் போகும் பணம் ஆயிரக்கணக்கான பில்களில் சேரும்போது என்ன ஆகும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால்தான் இதைத் தனி மனிதரின் தலையில் கட்டக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2016-இல் சட்டம் இயற்றி, நாள் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளிகளைக் காலாவதியாக்குவதைத் தடை செய்தது. டொராண்டோவில் வாழும் நம் தமிழர்களுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு மீஞ்சூரில் அனல்மின் நிலைய வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? தமிழக அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாயிண்ட் தரும் ஒவ்வொரு கடையும் பில்லிலேயே மீதிப் பாயிண்ட்டின் ரூபாய் மதிப்பையும், முதலில் காலாவதியாகும் பாயிண்ட்டின் தேதியையும் தமிழில் அச்சிட வேண்டும் என்று அறிவுறுத்தலாம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் எண்தான் அது. இரண்டு வரி காகிதம் கூடுதலாகும், அவ்வளவே. ஏற்கெனவே சேர்ந்த பாயிண்ட்டின் மதிப்பைப் பாதியில் குறைப்பதும், ஐநூறு சேராவிட்டால் கழிக்க முடியாது என்று தடுத்து வைப்பதும் நிற்க வேண்டும். பிக் பஜாரை நடத்திய நிறுவனமே 2022-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. எந்தக் கடையும் ஒருநாள் மூடலாம் என்ற நிலையில், சேர்ந்ததை உடனுக்குடன் கழித்துக்கொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு வேண்டும்.

நுகர்வோர் பலரின் உரிமை ஒருசேர மீறப்படும்போது விசாரித்து அறிக்கை தர மாவட்ட ஆட்சியருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்த விசாரணையைத் தொடங்குமாறு திருவள்ளூர் ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பில் போடும்போது, “என் பாயிண்ட் எத்தனை ரூபாய், எந்தத் தேதி வரை?” என்று கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று தயங்க வேண்டாம், வரிசையில் நிற்பவர்களுக்கும் அதே கேள்விதான். பதில் கிடைக்காவிட்டால் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.