ஒரு பல்பு மாட்டத் தெரியாதா?

நெட்டுக்குப்பத்தில் வலை கிழிந்தால் யாரும் வலைக் கம்பெனிக்கு போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குவதில்லை. கரையில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாக, கிழித்துக்கொண்டு வந்தவரே சரி பண்ணிவிடுகிறார். நடுக்கடலில் படகு இன்ஜின் மக்கர் செய்தால் அங்கே சர்வீஸ் சென்டர் கிடையாது. கழற்றிப் பார்க்கத் தெரிந்தவன் கரை சேருவான், அவ்வளவுதான்.

அந்தக் குப்பங்களை ஒட்டித் தெற்கே ராயபுரம் பக்கம் ஓடுகிறது எண்ணூர் விரைவு சாலை. அதில் ஏசி போட்டுக்கொண்டு போகிற கார்க்காரரைப் பாருங்கள். பின்பக்க வலது இண்டிகேட்டர் பல்பு போய்விட்டது என்று யாராவது சொன்னால், அவரிடம் ஒரே பதில்தான்: "அடுத்த சர்வீஸ்ல சொல்லிக்கலாம்." அடுத்த சர்வீஸ் எப்போது? ஆறு மாதம் கழித்தோ, பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்தோ. அதுவரை அந்தக் கார் ஒரு பக்கம் ஊமை.

சின்ன விஷயம்தானே என்பவர்கள் ஒரு நாள் அந்தச் சாலையில் டூவீலரில் போய்ப் பார்க்கட்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம், நடுவில் ஸ்கூட்டியில் ஆபீஸ் போகிற பெண். முன்னால் போகிற கார் திரும்பப் போகிறதா, நேரே போகிறதா என்று அவளுக்குச் சொல்ல இருப்பது அந்த ஒரு மஞ்சள் விளக்கு மட்டும்தான். கார்க்காரர் உள்ளே இண்டிகேட்டரைத் தட்டிவிட்டு, தன் கடமை முடிந்தது என்று திரும்புகிறார். வெளியே ஒன்றும் எரியவில்லை. அவள் பிரேக் பிடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் டிரெய்லர். மீதியை எழுத வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மழையிலோ, வண்டி பிரேக்டவுன் ஆனாலோ நாலு விளக்கையும் ஒன்றாக மினுக்க விடுகிறார்கள் அல்லவா? வலது பின் பல்பு செத்துப்போன காரில் அதைப் போட்டால், பின்னால் வருபவனுக்குத் தெரிவது இடது பக்கம் மட்டும் மினுக்குகிற விளக்கு. "நான் நின்றுவிட்டேன், ஜாக்கிரதை" என்று கார் சொல்ல நினைத்தது. "நான் இடது பக்கம் திரும்புகிறேன், நீ வலது பக்கமாகப் போ" என்று சொல்லித் தொலைக்கிறது. ஊமையாக இருந்தாலாவது பரவாயில்லை, இது பொய் சொல்கிற கார்!

"பல்பு போனது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று ஒரு சால்ஜாப்பு உண்டு. கார் சொல்லுமே! வழக்கமான இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்கும். ஒரு பல்பு போனால் அந்தப் பக்கம் இழுக்கிற மின்சாரம் குறைகிறது. அதைக் கண்டுபிடித்து ரிலே வேகத்தைக் கூட்டுகிறது. டிக்... டிக் என்று கேட்ட சத்தம் டிக்டிக்டிக் என்று பதறும். பெரும்பாலான கார்களில் அந்த அவசரத் துடிப்பு டிரைவருக்கான எச்சரிக்கைதான். நம்மவர் என்ன செய்கிறார்? எஃப்.எம். சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

சரி, இதை மாற்றுவது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? சாவியை எடுத்துவிட்டு, பல்பு சூடாக இருந்தால் ஆறவிட வேண்டும். டிக்கியைத் திறந்தால் பல கார்களில் பின் விளக்குக் கூண்டைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூ அல்லது இரண்டு நட்டு. கழற்றிவிட்டு, கூண்டை நேராகப் பின்பக்கம் இழுத்தால் கையோடு வரும். பின்னால் இருக்கும் ஹோல்டரை இடது பக்கம் ஒரு திருகு. பல்பை லேசாக அமுக்கி மறுபடி இடது பக்கம் ஒரு திருகு. வந்துவிட்டது. புதியதை அமுக்கி வலது பக்கம் திருப்பினால் முடிந்தது. கூண்டை மாட்டுவதற்கு முன்பே இண்டிகேட்டரைப் போட்டு எரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழகிய கைக்குப் பத்து நிமிடம், பழகாத கைக்கு அரை மணி.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பல்புமே 12 வோல்ட், 21 வாட்தான். ஆனால் கூண்டின் கண்ணாடி மஞ்சளாக இருந்தால் உள்ளே வெள்ளை பல்பு; கண்ணாடி வெள்ளையாக இருந்தால் உள்ளே மஞ்சள் பல்பு. வெள்ளை பல்பின் இரண்டு பின்னும் எதிரெதிரே இருக்கும். மஞ்சள் பல்பில் ஒரு பின் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பின்னை அரத்தால் ராவிவிட்டுத் திணிக்கிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கார் திரும்பும்போது வெள்ளை வெளிச்சம் மினுக்கும், பின்னால் வருபவன் ரிவர்ஸ் வருகிறதோ என்று குழம்புவான்.

எண்ணூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. புது பல்பு போட்டும் எரியவில்லை என்றால், ஹோல்டருக்குள் பித்தளை பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புத்தாள் வைத்து இரண்டு தேய்ப்பு. உப்புக்கு உப்புத்தாளே மருந்து! இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறதா? எர்த் சரியில்லை, அந்த ஒயரையும் சுத்தம் பண்ண வேண்டும். இதற்கெல்லாம் இன்ஜினியரிங் டிகிரி தேவையில்லை.

பிறகு ஏன் செய்வதில்லை? சோம்பேறித்தனம் பாதி. மீதிப் பாதி, திட்டமிட்டு ஊட்டப்பட்ட பயம். "வெளியே கை வச்சா வாரன்டி போயிடும்" என்ற மந்திரத்தைக் கார் வாங்கிய நாளிலிருந்து ஓதி ஓதி, சொந்தக் காரின் டிக்கியைத் திறக்கவே ஆள் பயப்படுகிறார்.

இது வெறும் புலம்பல் இல்லை, வழக்காகவே வந்தது. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன என்பது புகார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீல் போனது தனிக்கதை. ஆணையம் சொன்ன காரணம்தான் முக்கியம். கார் வாங்கும்போது பத்து கம்பெனி போட்டி போடும். வாங்கிய பிறகு, அந்தக் காருக்கான உதிரிபாகச் சந்தையில் அந்தக் கம்பெனி மட்டுமே ராஜா. காமர்ஸ் வகுப்பில் பேனாவும் மையும் நிரப்புப் பொருள்கள் என்று சொல்லிக் கொடுப்பார்கள். மை ஒரே கடையில்தான் கிடைக்கும் என்றால், பேனா வாங்கியவன் சிக்கினான் என்று அர்த்தம்.

பல்பு இன்னும் அந்தப் பிடியில் முழுசாகச் சிக்கவில்லை என்பதுதான் நல்ல செய்தி. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ, தெருமுனை ஆட்டோமொபைல்ஸ் கடையிலோ ஒரு டீ, பஜ்ஜி செலவில் கிடைக்கிறது. ஆனால் கெட்ட செய்தியும் வந்துகொண்டிருக்கிறது. பல புதிய கார்களில் பின் விளக்கு மொத்தமும் சீல் வைத்த எல்.இ.டி. ஒரு புள்ளி செத்தாலும் கூண்டையே மாற்ற வேண்டும். வாகன விளக்குகளுக்கான ஐக்கிய நாடுகள் ஒழுங்குமுறை 48, விசேஷக் கருவி இல்லாமல் பல்பை மாற்ற முடிய வேண்டும் என்கிறது. மாற்ற முடியாதபடி செய்யப்பட்ட விளக்குகளுக்கு அதுவே விலக்கும் தருகிறது. சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதில் லாரியே நுழையும், கார் நுழையாதா? எல்.இ.டி. நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. உழைத்து முடித்தபின் பில் யாருக்கு என்பதே கேள்வி.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட துறைகளில் கார்களும் உண்டு. நல்லது. ஆனால் கையில் இருக்கும் உரிமையையே பயன்படுத்தாதவனுக்குப் புது உரிமை எதற்கு? இன்றைக்கு மாற்ற முடிகிற பல்பை மாற்றத் துணியாதவர், நாளைக்குச் சீல் வைத்த கூண்டை எதிர்த்துக் கொடி பிடிக்கப் போகிறாரா என்ன!

"மெக்கானிக் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: பல்பு மாட்டி எந்த மெக்கானிக்கும் மாடி வீடு கட்டவில்லை. அவர் பிழைப்பைக் கெடுப்பது, மேலே சொன்னபடி உதிரிபாகத்தைப் பூட்டி வைப்பவர்கள். சந்தேகம் வந்தால் அவரிடமே போய்க் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்.

"இண்டிகேட்டர் போட்டா மட்டும் எவன் மதிக்கிறான்?" என்பவர்களுக்கு: மதிக்காதது அவன் தப்பு. போடாதது உங்கள் தப்பு. அவன் தப்பைக் காட்டி உங்கள் தப்பைத் தள்ளுபடி செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 177-ல், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய் வரையும் அடுத்த தடவை 1,500 ரூபாய் வரையும் அபராதம் இருக்கிறது. பல்பின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தெரியாதவனுக்கும் கணக்கு புரியும்.

வடசென்னைவாசிகள் கன்டெய்னர் லாரிகளைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. பின் விளக்கே இல்லாத டிரெய்லர் செய்கிற கொடுமையைத் தினம் பார்ப்பவர்கள் அவர்கள். ஆனால் அசோக் லேலண்ட் லாரியும் என்ஃபீல்ட் பைக்கும் செய்து பெயர் வாங்கிய எண்ணூரிலும் திருவொற்றியூரிலும், ஒரு பல்பு மாட்டத் தெரியாமல் ஊமைக் கார் ஓட்டுகிறவர் எந்த வாயால் லாரிக்காரனைத் திட்டுவார்?

இன்று இரவே சுவர் ஓரமாகக் காரை நிறுத்தி இரண்டு பக்கமும் இண்டிகேட்டரைப் போட்டால் போதும். எது எரிகிறது, எது எரியவில்லை என்று சுவரே சொல்லிவிடும். எரியாத பக்கத்துக்கு நாளைக்கு ஒரு பல்பு.