"ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்னும் சோம்பல்

வேதியியல் வகுப்பறைகளில் கேள்விக்கு உட்படாமலேயே தலைமுறைகளைக் கடந்து வந்த வாசகம் ஒன்று உண்டு: ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். நீர் முனைவுள்ளது, ஆகவே முனைவுள்ள கரிமச் சேர்மம் நீரில் கரையும். கரையாத சேர்மம் எதிர்ப்பட்டால் அது "விதிவிலக்கு". விலக்குகள் இத்தனை மலிந்த பின்னும் அதை விதியென்றே அழைப்பது அறிவியலன்று; வழக்கத்திற்குச் செய்யும் வழிபாடு.

நைட்ரோபென்சீனின் இருமுனைத் திருப்புத்திறன் ஏறத்தாழ 4.2 டிபை, நீருடையதோ 1.85 தான். எனினும் ஒரு லிட்டர் நீரில் அது சுமார் 2 கிராம் மட்டுமே கரைகிறது. 1,4-டையாக்சேனின் திருப்புத்திறன் அரை டிபையைக்கூட எட்டுவதில்லை. அதுவோ நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கிறது. முனைவே காரணமெனில், நிலைமை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

திருப்புத்திறன் மூலக்கூறு முழுமைக்குமான கூட்டுத்தொகை. நீருக்கு அத்தொகை பொருட்டன்று. ஹைட்ரஜன் பிணைப்புக்கு எங்கே இடம் உண்டு என்பதே பொருட்டு. டையாக்சேனில் முனைவுகள் ஒன்றையொன்று பெரிதும் நீக்கிக்கொண்டாலும், இரண்டு ஆக்சிஜன்களும் நீரின் ஹைட்ரஜனை ஏற்கின்றன. நைட்ரோ தொகுதியோ வலுவற்ற ஏற்பி. வழங்கவும் அதனிடம் ஹைட்ரஜன் இல்லை. பென்சீன் வளையத்திற்கு இடமளிக்க நீர் தன் பிணைப்பு வலையில் ஒரு குழியைத் திறந்தாக வேண்டும். அச்செலவை ஈடுகட்டும் வரவு அங்கே இல்லை.

திண்மங்களில் மற்றொரு தடை, படிகம். சாந்தீனில் மூன்று நைட்ரஜன்கள் ஹைட்ரஜனைத் தாங்கி நிற்கின்றன. அம்மூன்று ஹைட்ரஜன்களுக்கும் பதிலாக மெத்தில் தொகுதிகளை வைத்தால் கிடைப்பது காஃபீன். வாசகத்தின்படி கரைதிறன் குறைய வேண்டும். உண்மையில் அது நூறு மடங்குக்கும் மேல் உயர்கிறது: சாந்தீன் லிட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கரைவதில்லை, காஃபீன் அறை வெப்பநிலையில் சுமார் 20 கிராம் கரைகிறது. சாந்தீன் மூலக்கூறுகள் நீரை வெறுக்கவில்லை. தம்முள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன.

இது வெறும் பாடநூல் குறையன்று. முனைவுத் தொகுதியைச் சேர்த்தால் மருந்து மூலக்கூறு கரைந்துவிடும் என நம்பும் ஆய்வு மாணவர், படிகம் மேலும் இறுகுவதைக் கண்டு தம் கைத்திறனையே ஐயுறுகிறார். ஐயுற வேண்டியது அவர் மனப்பாடம் செய்த வாசகத்தை.

மூலக்கூறு நீருக்கு எதைத் தருகிறது, நீரிடம் எவ்வளவு இடம் கேட்கிறது, தன் படிகத்தை விட்டுவர என்ன விலை கொடுக்கிறது: இம்மூன்று கேள்விகளைக் கற்பிக்க ஒரு வகுப்பு போதும். அந்த ஒரு மணி நேரத்தையும் மிச்சப்படுத்தத்தான் அந்த வாசகம் பயன்பட்டு வருகிறது.