நோய் எங்களுடையது, தொலைபேசி யாருடையது?

சென்ற மாதம் வன்னிக் கிராமமொன்றில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். 2009 இல் கணவரை இழந்தவர். அவரது இடுப்பில் செல் துண்டொன்று இன்னும் இருக்கிறது. இரத்தப்போக்கு அதிகமாகியும், ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறத் தயங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி தன் கைத்தொலைபேசியில் வைத்தியர் ஒருவரைக் காணொளியில் எடுத்துக் கொடுத்தான். நல்ல மனந்தான். ஆனால் தொலைபேசியைப் பிடித்தபடி அவனே முன்னால் நின்றான்.

"வயித்து நோ எண்டு மட்டும் சொன்னன். அந்தப் பெடியனுக்கு முன்னால மற்றதை எப்படிப் பிள்ளை சொல்லுறது?" என்றார் அவர்.

வயிற்றெரிவுக்கு மாத்திரை கிடைத்தது. கருப்பையில் கட்டி இருப்பது மூன்று மாதம் கழித்தே கிளினிக்கில் தெரியவந்தது. அதற்குள் இரத்தச்சோகை அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது.

இதற்காகத் தொலைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1990 ஐ அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வடக்கிற்கும் வந்தது. மனச்சுமையைச் சொல்ல 1926 என்ற இலக்கம் இருக்கிறது. வைத்தியரிடம் நேரம் பதிவதும் காணொளியில் பேசுவதும் இன்று செயலிகள் மூலமும் நடக்கின்றன. தூரமும் பஸ் காசும் தடையாக உள்ள எமக்கு இவை உதவிதான்.

ஆனால் எமது வீடுகளில் தொலைபேசி பெரும்பாலும் மகனுடையது, அல்லது தம்பியுடையது. நோயோ எங்கள் உடம்பில். தனித்து வாழும் பெண்ணை ஊர் எப்போதும் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து வரும் ஒரு குறுஞ்செய்தி போதும், கதை பரவுவதற்கு. 2022 இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்கான விசேட பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளன. ஆயினும் பக்கத்தில் நின்று கேட்பவரை எந்தச் சட்டம் தடுக்கும்?

ஆகவே சகோதரிகளே, இரவல் தொலைபேசியானாலும் இணைப்பை எடுத்துத் தந்தபின், "கொஞ்சம் வெளியில நில் தம்பி" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும்போது அந்த உலோகம் ஆபத்தாகலாம். இரத்தப்போக்கு, மார்பில் கட்டி போன்றவற்றுக்குத் தொலைபேசி போதாது, நேரில் காட்டியே ஆகவேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால், இலவசமாக நடக்கும் சுகவனிதையர் கிளினிக் நாளைச் சொல்வார்.

நோயைச் சொல்ல வெட்கம் வேண்டாம். அதை யார் முன்னால் சொல்வது என்பதை மட்டும் நீங்களே தீர்மானியுங்கள்.