நம் கதையை நாமே சொல்வோம்

காலையில் கண்டியில் வேன் ஏறும் வெளிநாட்டார், வழிகாட்டியுடன் ஒரே நாளில் நுவரெலியா பார்த்துத் திரும்புகிறார்கள். வழியில் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தெடுக்கும் நம் பெண்களோடு ஒரு படம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதை வழிகாட்டி சொல்வார். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறிய நம் முன்னோரையும், 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையையும், இன்றைய லயத்தையும் யார் சொல்வது?

படித்த நம் பிள்ளைகள் சொல்லட்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதற்கான பயிற்சி தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையகத்திலேயே கிடைக்க வேண்டும். அனுமதி கேட்டே படமெடுக்க வேண்டும். தோட்டத்தைக் காட்டிப் பெறும் வருமானத்தில் தொழிலாளருக்கும் பங்கு வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரே, ஆர்வமுள்ள இளைஞர் யுவதிகளின் பெயர்களோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.