வேலி மட்டும் போதாது: வட டக்கோட்டாவின் இரு ஆசனங்கள்

இந்நாட்டின் அரசியலமைப்பைத் திருத்துவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டாம் மன்றம் பற்றிய பேச்சும் கூடவே எழுகின்றது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை 55 அங்கத்தவர் கொண்ட மன்றம் ஒன்றைப் பிரேரித்தது. ஒன்பது மாகாண சபைகளும் ஐவ்வைந்து பேராக 45 பேரை அனுப்பும். பாராளுமன்றம் 10 பேரைத் தெரியும். "சிறிய மாகாணத்துக்கும் பெரிய மாகாணத்துக்கும் சம ஆசனம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் நமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் நண்பர்கள் சட்டத்துறையிலும் உளர், கமக்காரரிடையேயும் உளர். சம ஆசனம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அளந்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். வட டக்கோட்டாவின் சரித்திரம் அத்தகைய அளவுகோலாகும்.

வட டக்கோட்டா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில் கனடாவை அடுத்துள்ள கோதுமை நாடு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அதன் சனத்தொகை 7 இலட்சத்து 79 ஆயிரம். கலிபோர்னியாவின் தொகையோ 3 கோடி 95 இலட்சம். கீழ்ச்சபையில் கலிபோர்னியாவுக்கு 52 ஆசனங்கள். வட டக்கோட்டாவுக்கு ஒன்றே ஒன்று. செனற் சபையிலோ இரண்டுக்கும் இவ்விரண்டு. 1787ஆம் ஆண்டிலே, சிறிய இராச்சியங்கள் கூட்டாட்சியில் சேருவதற்கு விதித்த விலை அது. அரசியலமைப்பின் ஐந்தாம் உறுப்புரை அந்த ஏற்பாட்டுக்கு இரும்புப் பூட்டுப் போட்டது. எந்த மாநிலமும் தன் சம்மதமின்றிச் செனற் சபையிலுள்ள சம வாக்குரிமையை இழத்தலாகாது என்பதே அதன் விதி.

இந்த உரிமை வட டக்கோட்டாவுக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1861 முதல் டக்கோட்டா வெறும் பிரதேசமாகவே இருந்தது. வாஷிங்டனுக்கு அது அனுப்பிய ஒரேயொரு பேராளருக்கு வாக்குரிமை கிடையாது. குடியேறிய மக்கள் மாநில அந்தஸ்தைப் பல்லாண்டு கேட்டு நின்றனர். குடியரசுக் கட்சி அங்கே தனக்கு வாய்க்கக்கூடிய செனற் ஆசனங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் கதவு திறந்தது. ஒரு பிரதேசம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1889 நவம்பர் 2ஆந் திகதி இரு டக்கோட்டாக்களும் மாநிலங்களாயின. எது முந்தியது என்ற பிணக்கு எழாதபடி, ஜனாதிபதி ஹரிசன் இரு பத்திரங்களையும் கலைத்து வைத்தே ஒப்பமிட்டாராம். ஒன்பது மாதத்துள் ஆறு மேற்கு மாநிலங்கள் சேர, பன்னிரண்டு செனற்றர்கள் புதிதாக வந்தனர். நியாயம் தனித்து நின்றபோது காத்திருந்தது. கட்சிக் கணக்கோடு சேர்ந்தபோது வென்றது. அரசியல் செய்வோர் இதை மறத்தலாகாது.

ஆசனம் கிடைத்துவிட்டது. கமக்காரனுக்குக் கிடைத்தது யாது? முதற் கால் நூற்றாண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அக்காலத்தில் செனற்றர்களைத் தெரிவு செய்தது மாநிலச் சட்டசபை. அச்சட்டசபையின் பின்னே நின்று கயிறிழுத்தவர், வட பசுபிக் புகையிரதக் கம்பனியின் முகவராயிருந்த அலெக்சாண்டர் மக்கென்சி. கோதுமையை விளைத்தவன் வட டக்கோட்டாக் கமக்காரன். அதை நிறுத்தவரும் தரம் பிரித்தவரும் விலை வைத்தவரும் மினியாப்பொலிஸ் நகரத்துத் தானிய வர்த்தகர். அதனை ஏற்றிச் செல்லும் கூலியை நிர்ணயித்தவை புகையிரதக் கம்பனிகள். வட்டி வாங்கியவை வெளியூர் வங்கிகள். நம்மூரிலே புகையிலைச் சிப்பத்தையும் வெங்காய மூட்டையையும் தரகன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தானியக் களஞ்சியத்தை மாநிலமே கட்ட வேண்டுமென்று மக்கள் வாக்கெடுப்பிலே தீர்மானித்தனர். 1915இல் சட்டசபை அதனைத் தள்ளிவிட்டது. முறையிட வந்த கமக்காரரிடம், "வீட்டுக்குப் போய்ப் பன்றிகளுக்குத் தீனி வையுங்கள்" என்று ஒரு சட்டசபை அங்கத்தவர் சொன்னதாகக் கதை பரவியது. அவர் அதனை மறுத்தார். ஆயினும், அப்படித்தான் தாம் நடத்தப்படுகிறோம் என்று கமக்காரர் நம்பியமையால், மறுப்பை எவரும் கேட்கவில்லை.

அவ்வாண்டிலேயே கட்சிசாரா லீக் பிறந்தது. அதனைத் தொடக்கியவர் ஆர்தர் டவுன்லி. சணல்விதைப் பயிரிலே பெருமுதல் போட்டு முறிந்த ஒரு கமக்காரர் அவர். லீக்கின் ஊழியர்கள் போர்ட் மோட்டார் வண்டிகளில் வீடு வீடாகச் சென்று சந்தா சேர்த்தனர். அவர்கள் புதுக்கட்சி தொடங்கவில்லை. குடியரசுக் கட்சியின் அபேட்சகரைத் தெரியும் முதற்கட்ட வாக்கெடுப்பிலே தம்மவரை நிறுத்தி, அக்கட்சியையே உள்ளிருந்து கைப்பற்றினர். 1916இல் லின் பிரேசியர் என்னும் கமக்காரர் கவர்னரானார். 1919இல் மாநில வங்கியும் மாநில மாவாலையும் சட்டமாயின. வழக்குத் தொடுத்தோர் 1920இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். அவ்வங்கி நூறாண்டுக்கு மேலாக நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் ஊன்றிக் கவனிக்கற்பாலது. வங்கியையும் மாவாலையையும் தந்தது செனற் சபையன்று. மாநிலத்தின் சொந்த ஆட்சி. வீட்டிலே அதிகாரம் கைக்கு வந்தபின்னரே தலைநகரிலிருந்த ஆசனங்களுக்கு உயிர் வந்தது. 1913இல் செனற்றர்களை மக்களே நேராகத் தெரியும் முறை வந்திருந்தமையும் துணை செய்தது. விவசாயக் கல்லூரித் தலைவரும் இரசாயன அறிஞருமான எட்வின் லாட், 1920இல் லீக்கின் ஆதரவோடு செனற்றரானார். தாழ்ந்த தரமென்று மலிவாக வாங்கப்பட்ட கோதுமை நல்ல மாவைத் தருவதைப் பரிசோதித்துக் காட்டியவர் அவர். 1921இல் செனற் சபையில் உருவான கமக்காரர் அணியில் அவரும் ஒருவர். கமக்காரர் கூட்டுறவுகளுக்குச் சட்டப் பாதுகாப்பளித்த 1922ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வணியின் முயற்சியால் வந்தது. பிரேசியரோ 1921 ஒக்டோபரில் மக்கள் வாக்கெடுப்பினால் கவர்னர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அதே மக்கள் அவரைச் செனற்றராக்கினர்!

பொருளாதார மந்தம் வந்தபோது அந்த ஆசனத்தின் பயன் வெளிப்பட்டது. ஈடு மீட்கமாட்டாத காணிகள் நாடெங்கும் ஏலத்துக்கு வந்தன. 1934இல் பிரேசியரும், லீக்கின் சட்டத்தரணியாக விளங்கிக் கீழ்ச்சபைக்குச் சென்ற வில்லியம் லெம்கியும் சேர்ந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தனர். கடன்பட்ட கமக்காரன், நியாயமான வாடகை கட்டிக்கொண்டு ஐந்தாண்டு தன் காணியிலேயே இருக்கலாம் என்றது அது. 1935 மே 27ஆந் திகதி உயர் நீதிமன்றம், கடன் கொடுத்தவரின் சொத்துரிமையை அது பறிக்கின்றது என்று ஏகமனதாக அச்சட்டத்தை வீழ்த்தியது. இருவரும் சோர்ந்துவிடவில்லை. நீதிபதிகள் சுட்டிய குற்றங்களைக் களைந்து, தவணையை மூன்றாண்டாகச் சுருக்கி, ஓகஸ்டிலேயே மறுசட்டம் கொணர்ந்தனர். 1937இல் அதே நீதிமன்றம் அதனை ஏற்றது. தீர்ப்பு வந்த அன்றே அழுது ஓயாமல், தீர்ப்பைப் படித்து மறுசட்டம் வரையத் தெரிந்த ஒருவர் சபையில் இருப்பதன் பலன் இதுவாகும்.

ஆசனத்தைப் பெறுவது ஒன்று. அதிலே அமர்வது வேறொன்று. லாட் 1925இல் காலமானபின் கவர்னர் ஜெரால்ட் நை என்பவரை நியமித்தார். கவர்னருக்கு அந்த அதிகாரம் உண்டா, செனற்றர் என்பவர் மாநில உத்தியோகத்தர்தானா என்ற வாதம் செனற் சபையிலே எழுந்தது. 1926 சனவரியில் 41க்கு 39 என்ற வாக்குகளால் நை தப்பினார். 1940இல் தெரிவான வில்லியம் லாங்கரின் கதை அதனினும் கடுமையானது. 1933இல் கவர்னராயிருந்தபோது காணி ஏலங்களை நிறுத்தியவர் அவர். மறு ஆண்டு குற்றவாளியாகக் காணப்பட்டுப் பதவியிழந்து, மேன்முறையீட்டின் பின் விடுதலையானவர். செனற் குழு 13க்கு 3 என அவரை விலக்கச் சொன்னது. 1942 மார்ச்சில் முழுச் சபையும் 52க்கு 30 என அவரை ஏற்றது. ஒரு மாநிலத்தின் தெரிவை மற்ற மாநிலத்தார் இருந்து தீர்ப்பிடும் அதிகாரம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இவ்விரு வழக்குகளும் சான்று.

இதுவரை சொன்னது வேலியின் பெருமை. இனி அதன் குறையைச் சொல்ல வேண்டும்; அதைச் சொல்லாது விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

வட டக்கோட்டாவின் மேற்கே, மிசூரி ஆற்றங்கரையிலே, மண்டான், ஹிடாட்சா, அரிக்கரா என்னும் மூன்று பழங்குடியினர் போட் பேர்தோல்ட் ஒதுக்கிடத்தில் வாழ்ந்தனர். ஆற்றோரத்து வண்டல் நிலத்திலே சோளம் விளைத்த ஆதிக் கமக்காரர் அவர்களே. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கரிசன் அணை திட்டமிடப்பட்டு, 1947இல் வேலை தொடங்கியது. அவர்களின் நிலத்தில் 1 இலட்சத்து 52 ஆயிரம் ஏக்கர், அதுவும் ஆற்றோரத்து நல்ல நிலம், நீருக்குள் போயிற்று. எல்போவூட்ஸ் என்ற ஊர், பாடசாலை, ஆஸ்பத்திரி யாவற்றோடும் மூழ்கியது. குடும்பங்களிற் பெரும்பாலானவை மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தன. வில்லிஸ்டன் நகரைக் காப்பதற்குக் கரைகள் கட்டத் தெரிந்த அரசாங்கத்துக்கு இவர்களைக் காக்க வழி தோன்றவில்லை. 1948 மே மாதத்தில் நிலத்தைக் கையளிக்கும் பத்திரம் வாஷிங்டனிலே ஒப்பமாகும்போது, பழங்குடிச் சபையின் தலைவர் ஜோர்ஜ் கிலெற் முகத்தைக் கையால் மறைத்து அழுதார். அந்தப் புகைப்படம் இன்றும் உள்ளது.

அவ்வேளை வட டக்கோட்டாவுக்குச் செனற் சபையிலே ஆசனம் இல்லாமலா போயிற்று? இரண்டும் இருந்தன. மாநிலத்துப் பெரும்பான்மையினர் நீர்ப்பாசனத்தை நம்பி அணையை வரவேற்றனர். செனற் ஆசனம் மாநிலப் பெரும்பான்மையின் ஆசனம். மாநிலத்துக்குள்ளே சிறுபான்மையாயிருப்பவனுக்கு அது வாய் திறக்கவில்லை. காங்கிரஸ் சபை தகுந்த நட்டஈடாக 14 கோடி 92 இலட்சம் டொலரை ஒதுக்கியது 1992இல். கையொப்பமிட்டவரின் பேரப்பிள்ளைகள் வளர்ந்தபின் வந்த பணம் அது. பத்து இலட்சம் ஏக்கருக்குப் பாயுமென்ற நீரும் வரவில்லை. திட்டம் 1965இலும் 1986இலும் சட்டத்தினாலேயே சுருக்கப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தை அறிந்த மக்களுக்கு, அணையொன்று எவருக்காக, எவருடைய நிலத்திலே என்ற கேள்வி புதியதன்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சோல்பரி அரசியலமைப்பு நமக்கும் ஒரு செனற் சபையைத் தந்தது. அங்கத்தவர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. பதினைவரை மகாதேசாதிபதி, பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி நியமித்தார். அவர்களுள் ஒருவரேனும் ஒரு மாகாணத்தின் பெயரால் அங்கு அமரவில்லை. 1948இல் மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிபோனபோதும், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோதும் அச்சபை தடையாக நிற்கவில்லை. 1971 ஒக்டோபரில் சபையே ஒழிக்கப்பட்டது. அதனைக் காக்க எந்தப் பூட்டும் இருக்கவில்லை.

இனியொரு மன்றம் வருமாயின் அதனை நாம் எவ்வாறு எடைபோடுவது? வட டக்கோட்டா நான்கு கற்களைத் தருகின்றது. முதலாவது, பூட்டு: மாகாணத்தின் சம்மதமின்றி அதன் ஆசனத்தைக் குறைக்கவோ மன்றத்தை ஒழிக்கவோ முடியாதென்ற விதி. இரண்டாவது, மக்களின் நேர்த் தெரிவு. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறவில்லை. சபையே இல்லாதபோது அச்சபை ஐவரை எங்ஙனம் அனுப்பும்? மூன்றாவது, எண்ணிக்கை. வட டக்கோட்டாவின் செனற்றர் அயல் மாநிலங்களின் கமக்காரர் பிரதிநிதிகளோடு அணி சேர முடிந்தது. இங்கே வடக்கும் கிழக்கும் சேர்ந்து பத்து; ஏனைய ஏழும் முப்பத்தைந்து. மொழி, காணி, குடியேற்றம் ஆகியவற்றில் அந்த ஏழும் ஒரு பக்கம் நின்றால் சம ஆசனம் என்ற சொல் வெறுஞ்சொல்லே. ஆகையால் இவ்விஷயங்களில் சம்பந்தப்பட்ட மாகாணத்தின் தனிச் சம்மதம் வேண்டும். நான்காவது, நமக்குள்ளே வாழ்வோர். கிழக்கின் முஸ்லிம் கமக்காரனுக்கும் நம் மாகாணங்களிலுள்ள சிங்களக் குடியானவனுக்கும், தம் நிலமும் நீரும் தம் சம்மதமின்றிப் போகாவென்ற உறுதியை நாமே முன்வந்து எழுதிக்கொடுக்க வேண்டும். கிலெற்றின் கண்ணீருக்கு நாம் காரணமாகலாகாது.

சனத்தொகைக்கு மிஞ்சிய பலம் சிறிய மாநிலத்துக்குத் தருவது அநீதியன்றோ என்று கேட்போர் அமெரிக்காவிலும் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. தலையை எண்ணுவதற்குக் கீழ்ச்சபை உண்டு. எண்ணிக்கையால் என்றும் வெல்லமாட்டாத மக்களின் நிலத்தைக் காப்பதற்கு மேற்சபை வேண்டும் என்பதே என் மறுமொழி.

தோட்டக்காரனுக்குத் தெரியும்: வேலி இல்லாவிட்டால் பயிரில்லை, பயிரில்லாத காணிக்கு வேலி கட்டுவோரும் இல்லை. மாகாணத்தின் சொந்த ஆட்சியே பயிர். அதனைக் கேளாது மன்றத்து ஆசனங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வருவோமாயின், வெறுங்காணிக்குக் கிடுகு வேலி அடைத்தவராவோம். லீக்கின் ஊழியர்கள் போல வீடு வீடாகச் சென்று மக்களைச் சேர்ப்பதற்கு எந்த அரசியலமைப்பும் நமக்குத் தடையில்லை. அந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.