ஏனத்தைத் தட்டிப் பார்த்த கை எங்கே?

ஏரல் கடைத்தெருவில் வெண்கல ஏனம் வாங்கும் தாயைப் பார்த்திருக்கின்றீர்களா? கடைக்காரர் எடுத்து நீட்டியதும் அவள் அதன் பளபளப்பில் மயங்குவதில்லை. விளிம்பை விரலால் சுண்டுகின்றாள். ஓசைக்குக் காது கொடுக்கின்றாள். ஓசை தெளிந்து நீண்டால் நல்ல வெண்கலம். மங்கி மடிந்தால் கலப்பு, அல்லது கீறல். அதன் பின்னரே எடை. எடைக்குப் பின்னரே விலை. எழுத்தறியாத பாட்டியும் இவ்வாய்வைக் குறைவறச் செய்தாள். எவ்வாறு இயன்றது? அப்பொருளின் பெயரும் உறுப்பும் தன்மையும் அவள் மொழியிலேயே இருந்தன. பெயர் விளங்கியது, ஆகவே பொருள் விளங்கியது, ஆகவே ஏமாற்றமும் விளங்கியது.

அவள் பேரன் இன்று பட்டப்படிப்புப் படிப்பவன். அவன் கணினி வாங்கப் போகின்றான். அவன் எதைத் தட்டிப் பார்க்கின்றான்?

நம் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களை ஏரல் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை கொட்டிய நாள்கள் அவை. பொருநை கரைகடந்து கடைத்தெருவுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. வாழை பயிரிடும் உழவர் ஒருவர்க்கு வாழையும் போயிற்று. மகன் வைத்திருந்த பழைய கணினியும் சேற்றில் மூழ்கிற்று. பின்னர் ஓராண்டுக்கு மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 28,000 உருபாவை அத்தந்தை மகனிடம் கொடுத்தார். மகன் பயில்வது கணினியியல். விழைவது கணினி விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே பொறி போதுமென்று எண்ணினான். அவ்வெண்ணத்தில் பிழையில்லை. பிழை நேர்ந்தது கடையில்.

வெளியூர்க் கடையொன்றில் அவனுக்குக் காட்டப்பெற்றது வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கூடு. 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்சு கார்டு, கேமிங் பிசி' என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். ஒரு சொல்லும் தமிழில்லை. ஒரு சொல்லுக்கும் விளக்கமில்லை. 'ஐ7' என்றால் உயர்ந்தது என்று எங்கோ கேட்டிருந்தான். பணத்தைக் கொடுத்தான், பெட்டியைச் சுமந்து வந்தான். விரும்பிய விளையாட்டைத் திறந்தால் படம் நின்று நின்று நகர்ந்தது. கூட்டைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. உள்ளே இருந்தது ஐ7-2600 என்னும் செயலகம். இன்டெல் நிறுவனம் அதனை வெளியிட்டது 2011 சனவரியில்! எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துத் தேய்ந்து கழிக்கப்பெற்றதைப் புதுக்கூட்டில் பொதிந்து, புதுவிலைக்கு விற்றிருக்கின்றார்கள்.

'ஐ' என்பது தமிழில் ஓரெழுத்தொருமொழி. தலைவனையும் வியப்பையும் குறிக்கும். இத்தகைய ஓரெழுத்துச் சொற்கள் நாற்பத்திரண்டு என்று நன்னூல் வரையறுத்தது. ஓரெழுத்துக்கும் பொருள் கேட்ட இனம் இது! அவ்வினத்தின் பிள்ளை கடையில் நின்று, 'ஐ' என்றால் என்ன, 'ஏழு' என்றால் என்ன என்று கேட்க நாணுகின்றான். ஆங்கிலப் பெயர்க்குப் பொருள் கேட்டால் படியாதவன் என்று எண்ணிவிடுவார்களாம்! இந்நாணமே கடைக்காரரின் முதல். இதனை வைத்தே அவர் வாணிகம் செய்கின்றார்.

ஏமாற்று நடந்த வழியை ஒவ்வோர் உறுப்பாக எடுத்துத் தட்டிப் பார்ப்போம்.

முதலாவது, நடுவச் செயலகம். கணக்கெல்லாம் போடும் உறுப்பு இது. கடையில் 'பிராசசர்' என்பர். 'ஐ7' என்பது வரிசையின் பெயரே, வயதைச் சொல்லாது. வயதைச் சொல்வது அதனை அடுத்து வரும் எண். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022 சனவரியில் வந்த ஐ3-12100எஃப் என்னும் செயலகம் பெயரளவில் 'கீழ்' வரிசை. ஆனால் அதற்கும் நான்கு கருக்கள். 2011 இன் ஐ7-2600க்கும் நான்கே கருக்கள். பதினோராண்டு முன்னேற்றத்தால் இளைய 'மூன்று' மூத்த 'ஏழை' எளிதில் விஞ்சுகின்றது. 'எத்தனையாம் தலைமுறை?' என்று தமிழில் ஒரு வினா கேட்டிருந்தால் 28,000 உருபா தப்பியிருக்கும்.

ஈற்றெழுத்தையும் கேட்க வேண்டும். இன்டெல் செயலகங்களில் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் படம் வரையும் பகுதி இல்லை. தனி வரைகலை அட்டை இன்றித் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரைசன் 5 5600ஜி போன்றவற்றில் ஈற்று 'ஜி', படம் வரையும் பகுதி உள்ளேயே உண்டு என்பதைக் காட்டும். பணம் குறைந்தவன் இத்தகையதை முதலில் வாங்கி எளிய விளையாட்டுகளை ஆடலாம். பின்னொரு நாள் தனி அட்டை சேர்க்கலாம்.

இரண்டாவது, வரைகலை அட்டை. விளையாட்டுக்கு உயிர் இதுவே. அவ்விளைஞனுக்குக் கொடுக்கப்பெற்றது 2014 இல் வெளிவந்த ஜிடி 730 என்னும் அட்டை. '4 ஜிபி' என்ற எண்ணைக் காட்டியே அதனைத் தள்ளிவிட்டார்கள். ஏரல் உழவர்க்கு இதனை விளக்க ஆங்கிலம் வேண்டா. குளம் பெரிதாயிருந்து மடை சிறிதாயிருந்தால் வாழை பிழைக்குமா? அட்டையின் நினைவகக் கொள்ளளவு குளம். நொடிக்கு எவ்வளவு செய்தி பாய்கின்றது என்பது மடை. டிடிஆர்3 வகை நினைவகமுடைய ஜிடி 730இல் நொடிக்கு 30 கிகாபைட்டுக்கூடப் பாய்வதில்லை. 2021 இல் வந்த ஆர்எக்சு 6600 என்னும் அட்டையிலோ 224 கிகாபைட்டு பாய்கின்றது. கடைக்காரர் குளத்தைக் காட்டினார், மடையை மறைத்தார். அதுவுமன்றி, அந்தப் பழைய குடும்பத்து அட்டைகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருள் வழங்குவதை என்விடியா நிறுவனம் 2021 ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது.

மூன்றாவது, நினைவகம். கடையில் 'ரேம்'. ஒரே 16 கிகாபைட்டுத் துண்டைவிட இரண்டு 8 கிகாபைட்டுத் துண்டுகள் நல்லவை. திருவைகுண்டம் அணையிலிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்கள் பிரிந்து இருபுறமும் பாய்கின்றனவே, அதுபோல இரு துண்டுகள் இருந்தால் செய்தி இரு வழியிலும் ஒருங்கே பாயும். இதனை 'இருகால் நினைவகம்' என்று சொல்லிப் பாருங்கள்; விளக்கவுரையே தேவையில்லை. உள்ளேயே வரைகலைப் பகுதியுள்ள செயலகத்துக்கு இது கட்டாயம். ஏனெனில் அது தனக்கெனக் குளமின்றி இந்நினைவகத்தையே பகிர்ந்துகொள்கின்றது. 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகங்களை வாரிக்கொள்ளத் தொடங்கியதால் விலை கடுமையாக ஏறிற்று. உலகில் இதனைப் பெரும்பாலும் ஆக்குவன மூன்றே நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றாகிய மைக்ரான், எளிய வாங்குவோர்க்கு விற்றுவந்த தன் குரூசியல் கிளையைக் கைவிடுவதாக 2025 திசம்பரில் அறிவித்தது. விலையேற்றத்தில் முதலில் ஏமாற்றப்படுபவன் பெயரறியாதவனே என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, மின்வழங்கி. எல்லா உறுப்புக்கும் மின்னைப் பகிர்ந்தளிப்பது. கூட்டோடு சேர்த்து விலையின்றித் தருவதாகச் சொல்லும் பெயரற்ற மின்வழங்கியைத் தொடாதீர்கள். ஒட்டியிருக்கும் தாளில் 500 வாட்டு என்றிருக்கும். உள்ளே அவ்வாற்றல் இராது. அது கெட்டால் தான்மட்டும் கெடாது; தாய்ப்பலகையையும் அட்டையையும் உடன்கொண்டு போகலாம். '80 பிளசு' என்னும் சான்றும், நிறுவனத்தின் பெயரும், பொறுப்புறுதிச் சீட்டும் உள்ளதையே வாங்குக. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கூட்டிலும் வண்ண விளக்கிலும் பிடியுங்கள். விளையாட்டே நோக்கமானால் கைப்பணத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரைகலை அட்டைக்குச் செல்லட்டும். வன்தட்டுக்கு மாறாகத் திண்மச் சேமிப்பகம் 500 கிகாபைட்டேனும் இருக்கட்டும்.

ஐந்தாவது, இயங்குதளம். மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோசு 10க்கு அளித்துவந்த பொதுக் காப்பை 2025 அக்தோபர் 14 ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. இன்டெல் வழியில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலகங்கள் விண்டோசு 11க்கு முறைப்படி ஏற்கப்படுவதில்லை என்றே கொள்ளலாம். ஆக, அவ்விளைஞன் வாங்கிவந்தது தொடக்கத்திலேயே முடிந்துபோன பொறி. இலினக்சு இயங்குதளத்தை விலையின்றி நிறுவலாம். விளையாட்டுகள் பலவும் அதில் ஓடும். ஆயினும் வலாரண்டு போன்றவை ஓடா. இதையும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

இனி, மறுப்பாளர்க்கு வருவோம். "இச்சொற்களெல்லாம் கடையில் வழங்குமா? தமிழில் கேட்டால் சிரிப்பார்களே!" என்பர் சிலர். சிரிக்கட்டும். 'இருகாலாகப் போட்டுத் தாருங்கள்', 'மடை எவ்வளவு?', 'எத்தனையாம் தலைமுறை?' என்று பத்துப் பேர் கேட்டால் பதினோராமவனிடம் கடைக்காரர் தாமே அச்சொற்களைச் சொல்வார். வாங்குபவன் பேசும் மொழியைக் கற்காத வணிகர் உலகில் எங்கும் இல்லை. நம்மிடம்மட்டும் வாங்குபவன் வணிகர் மொழிக்கு இறங்கிப் போகின்றான். பெருமாள் உலாவுக்கு வெளியூர்த் தேர் வாடகைக்கு எடுப்பது போன்ற இழிவு இது.

நம் அன்பர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. "விளையாட்டுக் கணினியா? வீண் பொழுதுபோக்கு!" என்று முகஞ்சுளிக்கும் மூத்தோர் நம்மிடையே உளர். ஐயா, பிள்ளை விளையாட்டுக்காகத் தேடும் அதே பொறியில்தான் நிரல் எழுதுவான். தமிழ் நூலை அச்சுக்குக் கோப்பான். நாளை தமிழிலேயே ஒரு விளையாட்டை ஆக்கவும் கூடும். அவன் அவாவை நீங்கள் இகழ்ந்தால் அவன் தமிழை விட்டு விலகுவானேயன்றி விளையாட்டை விடமாட்டான்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஏரலுக்கு அண்மையிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் தொன்மை கி.மு. 3345 வரை செல்கின்றது என்று 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு அறிவித்தது. நாம் விழாவெடுத்தோம், மேடையில் முழங்கினோம். நன்று. ஆனால் இரும்பைப் பெயரிட்டு ஆண்ட மண்ணின் பிள்ளை, மணலிலிருந்து பிறந்த சிலிக்கனைப் பெயரிட்டு ஆளத் தெரியாமல் நிற்கின்றானே, அதற்கு யார் பொறுப்பு? கலைச்சொற்களை ஆக்கினோம், அகரவரிசையில் அடுக்கினோம், பொத்தகமாகக் கட்டி நிலைப்பேழையில் பூட்டினோம். கடைத்தெருவுக்குக் கொண்டுபோனோமா? உழவன் கையில் கொடுத்தோமா? கடைக்கு வராத சொல் செத்த சொல். நம் சோம்பலுக்கு அவ்வுழவர் கொடுத்த விலை 28,000 உருபா.

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. வாங்குவோன், ஒவ்வோர் உறுப்புக்கும் நிறுவனப் பெயர், முழு எண், பொறுப்புறுதிக் காலம் ஆகிய மூன்றும் எழுதிய விலைச்சீட்டைக் கேட்டுப் பெறுக. பொருளின் தன்மையையும் தரத்தையும் அறியும் உரிமையை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புச் சட்டம் அளித்துள்ளது. சீட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் படியேறலாம், இல்லையேல் வாய்ச்சொல்லே எஞ்சும். நம் மன்றங்கள், உறுப்புகளின் தமிழ்ப்பெயரும் கேட்கவேண்டிய வினாக்களும் அடங்கிய ஒருபக்கத் தாளை அச்சிட்டு ஊர்ப் படிப்பகங்களில் ஒட்டுக. தமிழ் வணிகர், தம் விலைப்பட்டியலைத் தமிழில் எழுதி முன்வருக. நேர்மையாளர்க்கு அதனால் இழப்பில்லை, மறைப்போர்க்கே இழப்பு.

தமிழ் இளைஞனே! செயலகத்தை நாம் செய்யவில்லை. அட்டையை நாம் வார்க்கவில்லை. அந்நாள் வரும், அதற்கு உழைப்போம். ஆனால் தேர்ந்து வாங்கும் அறிவு இன்றே உன் கையில் உள்ளது. உன் பாட்டி விட்டுச்சென்ற விரல் உனக்கும் இருக்கின்றது. பளபளப்பைப் பார்த்துப் பணத்தை நீட்டாதே. பெயரைக் கேள்; தலைமுறையைக் கேள்; மடையைக் கேள். உன் மொழியிலேயே கேள்.

சுண்டிப் பார்த்து வாங்கு!